கியூபுக்கு ஏழும் எட்டும் ஒன்று

என் அக்காவான உங்கள் மாமி, படிவமும் பேனையுமாக வருகிறவர்களை ஏன் வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று நீங்கள் இருவரும் என்னைப் பல தடவை கேட்டுவிட்டீர்கள். போன மாதம் ஏதோ கணக்கெடுக்க வந்த பெண்பிள்ளையை அவ படலையடியிலேயே நிற்க வைத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, உங்களில் மூத்தவள் "மாமிக்கு மரியாதை தெரியாது" என்று சொன்னாள். மாமிக்கு மரியாதை தெரியும். தெரியாத ஆட்கள் வேறு. அவர்களோடு சில வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து சம்பளம் வாங்கியவன் நான். அதனால் இதை எழுதி வைக்கிறேன். ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. பெயர் போடுகிற அளவுக்கு அவர்களில் ஒருவரும் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை.

சுனாமியாகக் கடல் வந்த அந்தக் காலையில் உங்கள் மாமி கல்குடாவில் இருந்தா. நாங்கள் கிரானில் இருந்ததால் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை, செய்திதான் வந்தது. மாமிக்கு இரண்டு பிள்ளைகள். உங்களுக்கு மச்சானும் மச்சாளுமாக இருந்திருக்க வேண்டியவர்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். மாமா தோணியில் இருந்ததால் தப்பினார். இதற்கு மேல் நான் உங்களுக்குச் சொன்னதில்லை. இப்போதும் தேவையான அளவுதான் சொல்வேன்.

மாமியும் மாமாவும் முகாமில் இருந்தபோது, ஒரு நிவாரண நிறுவனத்திலிருந்து படிவம் நிரப்ப ஆட்கள் வந்தார்கள். நீண்ட படிவம். இறந்த பிள்ளையின் வயது என்ன, என்ன வகுப்பு, அந்த நேரம் எங்கே நின்றது, உடல் கிடைத்ததா, யார் அடையாளம் காட்டியது, என்ன உடுப்பு போட்டிருந்தது. கேட்ட பெண்பிள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. மாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. நான் தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து கையெழுத்தும் வைத்த பிறகு வெளியே வந்து, வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினா.

"சொல்லிட்டன் தம்பி," என்றா. "இனி ஒருத்தரும் இத என்ட வாயால கேக்கப்படாது. எழுதியாச்சிதானே. தேவையெண்டா எழுதினதப் பாக்கட்டும்."

"ஓம் அக்கா. இனி ஒருத்தரும் வரமாட்டாங்க," என்றேன்.

அந்த வாக்கைக் கொடுக்க நான் யார் என்று அப்போது யோசிக்கவில்லை. சில மாதத்தில் அதே நிறுவனத்தின் மட்டக்களப்பு ஒஃபிஸில், அந்தப் படிவங்களைக் கொம்பியூட்டரில் அடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. சாதாரண தரப் பரீட்சை வரை படிப்பு, அதற்கு மேல் ஒரு கொம்பியூட்டர் வகுப்புச் சான்றிதழ். இனி மாமியின் வாக்கு என் கையில்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒஃபிஸ் வாவிக்கரையில் இருந்தது. எங்கள் பொறுப்பாளர் படித்த மனிதர். சப்பாத்தில் சேறு படாமல் முகாம் பார்க்கத் தெரிந்தவர். வானை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, "எல்லாம் ஓகேயா?" என்று கேட்பார். சனம் தலையை ஆட்டும். ஒஃபிஸுக்கு வந்து, "களத்தில் மக்களோடு நேரடியாகப் பேசினேன்" என்று அறிக்கை அடிக்கச் சொல்வார். அடிக்கிறவன் நான். அந்த வசனத்தை எத்தனை தரம் அடித்தேன் என்று தெரியாது, விரல் தானாகவே போகும்.

அவருக்கு மிகப் பிடித்த சாமான் கியூப். அதை உங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. படிவங்களில் உள்ளதை எல்லாம் நாங்கள் அடித்துச் சேர்த்த தரவு கொம்பியூட்டரில் ஓரிடத்தில் இருந்தது. ஆளின் பெயர், வயது, வீடு, சொன்னது எல்லாம் அதில். அதிலிருந்து தொகைகளை மட்டும் கூட்டி எடுத்து இன்னோரிடத்தில் அடுக்கி வைப்பதுதான் கியூப். ஊர் ஒரு பக்கம், வயது ஒரு பக்கம், இழப்பு ஒரு பக்கம் என்று ஒரு பெட்டி மாதிரி. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குரிய தொகை நிறம் நிறமாகத் திரையில் வரும். கல்குடா, ஐந்திலிருந்து ஒன்பது வயது, இறப்பு என்று அமத்தினால் ஒரு நீலக் கட்டம், அதற்குள் ஓர் எண். வெளிநாட்டிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் வந்தால் பொறுப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அவர்களும் திருவிழாவில் தேர் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள்.

வயல் வட்டை முழுக்க வெட்டிச் சூடடித்து மூட்டை கட்டிய பிறகு, எத்தனை மூட்டை என்று பார்த்தவுடன் சொல்லலாம். எந்த வயலில், எந்த வரம்புக்குள் விளைந்த நெல் என்று மூட்டையைக் கேட்க முடியாது. கியூப் அந்த மூட்டை. இது அன்றைக்கு எனக்கும் விளங்கியிருக்கவில்லை. விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

மறுபடி சண்டை தொடங்கிய காலத்தில், எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு நிபுணரும் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட பெடியன். வரும் வழியில் சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றியதில் முகம் வாடியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒருவர் கையால் பிரதி எடுத்தால் மறந்துபோவார், ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் கொம்பியூட்டரே தானாக எடுத்துக்கொள்ளும் என்றார். அது நல்ல யோசனை. ஸ்கிரிப்டில் பிழை இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன், சொன்னதைச் செய்தது அந்த ஒஃபிஸில் அது ஒன்றுதான்.

நிபுணர் கதிரையில் இருந்துகொண்டு, "எதை பெக்கப் எடுக்க வேணும் சேர்?" என்று கேட்டார்.

பொறுப்பாளர் திரையில் இருந்த நீலக் கட்டங்களைக் காட்டினார். "இதைத்தான். இதுதானே எல்லாம்."

"கியூபை மட்டுமா?"

"ஓம், கியூபை. வாற ஆக்கள் வேற எதைப் பாக்கிறாங்க?"

நிபுணர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் படிவம் அடிக்கிறவன், என்னைப் பார்த்து என்ன பயன். பிறகு தோளை அசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். பொழுதுபட்டால் ஜெனரேட்டரை நிற்பாட்டிவிடுவார்கள் என்பதால், எல்லோரும் சாப்பிடப் போகிற மத்தியான நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓடும் என்று வைத்தார். அது கியூபைப் பிரதி எடுத்து, வெளியே செருகியிருந்த டிஸ்கில் அன்றைய திகதியோடு போடும். டிஸ்க் நிறையாமல் இருக்கப் பழைய பிரதிகளைத் தானே அழிக்கும். முடிந்ததும் பொறுப்பாளருக்கு ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பும்: பெக்கப் வெற்றி.

அந்த ஒற்றை வரியைப் பொறுப்பாளர் ஒவ்வொரு நாளும் அச்சடிப்பார். ஒரு முழுத் தாள், நடுவில் இரண்டு சொல். அதற்குத் துளை போட்டுக் கோவையில் போடுவார். வெற்றிக் கோவை தடித்துக்கொண்டே போனது. வாகரைப் பக்கம் சனம் சட்டி பானையோடு ஓடி வந்துகொண்டிருந்தது. படுவான்கரையில் செல் விழுகிற சத்தத்துக்கு எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த நாட்களிலும் ஒருவர் தவறாமல் வெற்றிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு முகாமில் பாய் இல்லை. எங்களிடம் தாளுக்குக் குறைவில்லை.

பிறகு படிவங்களுக்குக் கடைசிக் காலம் வந்தது. ஒரு அறை நிறையக் கட்டுக் கட்டாக இருந்தன. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன வயது என்று கையெழுத்தோடு இருந்த தாள்கள். சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறவர்களும் ஆள் தூக்குகிறவர்களும் திரிந்த காலம் அது. யாராவது துவக்கோடு வந்து அந்த அறைத் திறப்பைக் கேட்டால் யார் மறுப்பது? பொறுப்பாளர் பயந்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பயந்தேன். ஆனால் அவர் சொன்ன காரணம் அதுவல்ல. "இதெல்லாம் இடத்தை அடைக்குது. எல்லாம் கியூபில இருக்கு. எரிச்சிடுங்க," என்றார்.

காவலுக்கு ஏறாவூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார், காக்கா என்று கூப்பிடுவோம். அவர்தான் பின்வளவில் கிடங்கு வெட்டி எரித்தார். நாங்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம்.

"தம்பி," என்றார் காக்கா, தடியால் கிளறிக்கொண்டு, "இவ்வளவும் அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டா?"

"ஓம் காக்கா. எல்லாம் உள்ளுக்க இரிக்காம்."

"இரிக்காமா, இரிக்கா?"

"சேர் சொல்றார்."

"அப்ப இரிக்கும். உங்கட சேர் வயித்தால போனாலும் றிப்போட் எழுதி வைக்கிற மனிசன்."

சிரித்தோம். சாம்பல் வாவிப் பக்கம் பறந்தது. அந்தக் கட்டுகளில் ஒன்றில் மாமியின் கையெழுத்தும் இருந்தது. எனக்கு அது கவலையாக இருக்கவில்லை. தாளில் இருப்பதைவிடக் கொம்பியூட்டரில் இருப்பது பத்திரம் என்று நானும் நம்பினேன், வாக்கு பத்திரமாக இருக்கிறது என்று.

சண்டை முடிந்த வருடம். வெடி கொளுத்தின சத்தம் அடங்கிச் சில கிழமை இருக்கும். ஒரு நாள் கரண்ட் போய், வந்து, போய், மறுபடி வந்த வேகத்தில் எங்கள் பெரிய கொம்பியூட்டர் ஒரு கருகல் மணத்தோடு நின்றுபோனது. கொழும்புக்கு அனுப்பினோம். உள்ளே இருந்த எதையும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

பொறுப்பாளர் கொஞ்சமும் கலங்கவில்லை. புதிய கொம்பியூட்டர் வாங்கினார், டிஸ்கைச் செருகினார். நிபுணர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் அமத்தினேன். தேநீர் ஆறுவதற்குள் கியூப் திரும்பி வந்துவிட்டது. கல்குடா, ஐந்திலிருந்து ஒன்பது, இறப்பு. நீலக் கட்டம் இருந்தது, எண்ணும் இருந்தது. பொறுப்பாளர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா, ஒரு எண்கூட மாறல்ல," என்றார். வெற்றிக் கோவையைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல.

நானும் லட்டு சாப்பிட்டேன்.

அடுத்த மாதம், சண்டை முடிந்ததால் புதிதாகப் பணம் கொடுக்க வந்தவர்கள் ஒரு சிறிய கேள்வி கேட்டார்கள். பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்கு நிரந்தர வீடும் தொழில் உதவியும் கொடுக்கப் போகிறோம், அந்தக் குடும்பங்களின் பெயர் விபரத்தைத் தாருங்கள். பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "எண்ணை அமத்தினா ஆக்கள் வருவாங்கதானே, எடுத்துக் குடும்," என்றார்.

அமத்தினேன். எண் பெரிதாகத் தெரிந்தது. மறுபடி அமத்தினேன். வேறு நிறத்தில் தெரிந்தது. ஆட்கள் வரவில்லை.

நிபுணருக்கு அழைத்தோம். அவர் ஒலிபெருக்கியில் பேசினார். "கியூபில தொகை மட்டும்தான் சேர் இருக்கும். பெயரெல்லாம் மூலத் தரவில. அதின்ட பெக்கப் எங்க?"

"நீர்தானே எடுத்தீர்?"

"நான் கியூபைத்தானே எடுத்தன். நீங்க அதைத்தானே காட்டினீங்க."

"மற்றதையும் எடுத்திருக்க வேணாமா?"

"நீங்க கேக்கல்லையே சேர்."

இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் பிழை சொன்னார்கள். சேர், சேர் என்றே சொன்னார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. படித்தவர்கள் தப்பித்துக்கொள்ளும்போது இருக்கிற மரியாதையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் நிபுணர், இனிமேல் மூலத் தரவையும் எடுக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். ஒரு வரி. என் பெயரையும் ஊரையும் எழுதுகிற நீளம்கூட இல்லை.

ஆனால் எடுப்பதற்கு மூலத் தரவு இல்லை. கடல் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர் என்று எங்களிடம் பிழையில்லாத கணக்கு இருந்தது. அவர்களில் ஒருவர்கூட யார் என்று தெரியாது.

பொறுப்பாளர் கூட்டம் வைத்தார். "பெரிய விஷயமில்ல. மறுபடி போய்க் கேட்டா முடிஞ்சிது. ஒரு வீட்டுக்கு அஞ்சு நிமிஷம். அவங்களுக்குத்தானே நன்மை," என்றார். அவரவர் ஊருக்கு அவரவர் போக வேண்டும், தெரிந்த முகம் என்றால் சனம் வாய் திறக்கும் என்றார். அக்கா இருக்கிற ஊர் என்பதால் கல்குடா எனக்கு விழுந்தது. படிவம் அதே பழைய படிவம். என்ன உடுப்பு போட்டிருந்தது என்ற கேள்வியைக்கூட எடுக்கவில்லை.

"சேர், அந்தக் கேள்விய விட்டுட்டுக் கேப்பமே," என்றேன்.

"ஏன்?"

"வீடு குடுக்கிறதுக்கு உடுப்பு என்னத்துக்கு?"

"படிவத்தை மாத்தினா பழைய கணக்கோட பொருந்தாது," என்றார். அவருக்கு அதுதான் கவலை.

மாமியின் படிவத்தை நான் வீட்டிலிருந்தே நிரப்பினேன். அவவிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளை நானும் தூக்கி வளர்த்தவன். மூத்தவனுக்கு ஏழு, இளையவளுக்கு நான்கு. அடையாளம் காட்டியது மாமாவும் நானும். மற்றதெல்லாம் தறப்பாளுக்கு வெளியே நின்று கேட்டது, மறக்கவில்லை. இனிக் கையெழுத்து மட்டும் வேண்டும். தாளை மடித்து, கையெழுத்து வைக்கிற இடம் மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

மாமி தகரக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தா. மாமா கடலுக்குப் போவதை விட்டு, வாவியில் மட்டும் வலை போடத் தொடங்கியிருந்த காலம்.

"என்னடா தம்பி, வேலை நாளில வந்திரிக்காய்?"

"ஒரு கையெழுத்து அக்கா. வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"உங்களுக்குத்தான். கல்வீடு குடுக்கப் போறாங்களாம்."

"எழுதினதுதானே எல்லாம்? மறுகா என்னத்துக்கு?"

பேனையை நீட்டினேன். மாமி எழும்பி, கை கழுவி, சீலையில் துடைத்துவிட்டு, பேனையை வாங்கினா. நான் மடித்துப் பிடித்திருந்த தாளைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"ஏன் மடிச்சிரிக்காய்?"

"சும்மா."

"விரி."

விரித்தேன். மாமி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவ. ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பா. வாசித்தா. இறால் சட்டியில் இலையான் மொய்க்கத் தொடங்கியது, அதைக்கூடத் துரத்தவில்லை.

"அவங்க துலைச்சிட்டாங்களா?" என்று கேட்டா.

"ஓம் அக்கா."

"எல்லாத்தையுமா?"

"தொகை இரிக்கு."

மாமி சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் எழுத மாட்டேன்.

"நான் கேக்க வரல்ல அக்கா. நானே எழுதிட்டன். நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. கையெழுத்து மட்டும்."

பேனை கையெழுத்து இடத்துக்குப் போனது, போய் நின்றது. பிறகு மேலே வந்தது.

"ஏழு எண்டு எழுதியிரிக்காய்," என்றா.

"ரெண்டாம் வகுப்புதானே அக்கா..."

"எட்டு. கார்த்திகையில எட்டு முடிஞ்சிட்டு. விளக்கீட்டுக்கு அடுத்த நாள். நீ காச்சலாக் கிடந்தாய், வரல்ல. அதான் உனக்குத் தெரியல்ல." ஏழை வெட்டி, பக்கத்தில் எட்டு என்று எழுதினா. "சட்டையும் பிழை. நீலம் எண்டு எழுதியிரிக்காய். நீலம் அதுக்கு முதல் நாள் போட்டது. அண்டைக்குக் காலையில நானே மாத்தி விட்டன். புதுச் சட்டை, மஞ்சள். பிறந்தநாளுக்கு எடுத்தது. அண்டைக்கு அந்தப் பொட்டைக்கிட்ட நான்தான் மாறி நீலம் எண்டு சொல்லிப் போட்டன். பிறகுதான் நினைவு வந்த. போய்ச் சொல்லுவமா எண்டு எத்தின நாள் யோசிச்சன்."

பிறகு மாமி சொன்னா. யாரும் கேட்காமலே, முதலிலிருந்து கடைசி வரை. எந்தக் கையில் யாரைப் பிடித்திருந்தா, எந்தக் கை முதலில் விட்டது. நான் ஒன்றையும் எழுதவில்லை. எழுதுவதற்குப் படிவத்தில் இடமும் இருக்கவில்லை. சொல்லி முடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு, முன்பு போலவே போய் முகம் கழுவினா.

"இனி ஒருத்தரும் வரப்படாது," என்றா. "நீயும் இதக் கொண்டு வரப்படாது."

இந்த முறை நான் வாக்குக் கொடுக்கவில்லை.

ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது, வீட்டுக்கு வீடு. சிலர் ஏசினார்கள். ஒரு தாய் படிவத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, பிறகு வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, வேறு படிவம் இருக்கிறதா தம்பி என்று கேட்டா. ஐந்து நிமிடம் என்று சொன்னவருக்கு அதையெல்லாம் காட்ட வழியில்லை. வான் கண்ணாடிக்குள் அவ்வளவு தெரியாது.

எல்லாவற்றையும் அடித்துச் சேர்த்த அன்று கியூபைப் புதுப்பித்தோம். மாமியின் படிவத்தை நான்தான் அடித்தேன். வெட்டியிருந்த ஏழை விட்டு எட்டு என்று அடித்தேன். பொறுப்பாளர் எனக்குப் பின்னால் நின்று கல்குடாவை அமத்தச் சொன்னார். ஐந்திலிருந்து ஒன்பது, இறப்பு. நீலக் கட்டத்தில் பழைய எண்ணே வந்தது. ஏழும் எட்டும் அதற்கு ஒரே கட்டம்தான். சட்டைக்கு அதில் பக்கமே கிடையாது.

"பாத்தீரா," என்றார், என் தோளில் தட்டி. "பழையதும் புதியதும் அப்படியே பொருந்துது. அப்ப எங்கட பழைய கணக்கும் சரிதான்."

மத்தியானம் ஸ்கிரிப்ட் ஓடியது. வெற்றி என்று வந்தது. அவர் அச்சடித்துத் துளை போட்டார். அந்த மாதத்தோடு நான் வேலையை விட்டுவிட்டு வயலுக்கு வந்துவிட்டேன்.

மாமிக்குக் கல்வீடு கிடைத்தது. நீங்கள் விடுமுறைக்குப் போய் நிற்கிற வீடு அதுதான். சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து நீங்கள் மச்சானுக்கு அப்போது ஏழு வயது என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது என்னிடமிருந்து வந்த பிழை. எட்டு. படத்தில் நீலச் சட்டை, ஆனால் அன்றைக்குப் போட்டது மஞ்சள். மாமியிடம் போய்க் கேட்காதீர்கள். தெரிந்து வைத்திருங்கள்.